எண்ணற்ற குடுவைகள்: கிப்ஸ் காட்டிய வழி

ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குடுவை ஒன்று மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் காற்றில் ஏறத்தாழ 25 கோடி கோடி கோடி மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் காற்றின் அழுத்தத்தை ஒரு சாதாரணக் கருவி சொல்லிவிடுகிறது. இது எப்படி?

நியூட்டன் விதிப்படி ஒவ்வொரு மூலக்கூறாகக் கணக்கிடப் புகுந்தால் ஆயுள் போதாது. 1871இல் ஆஸ்திரிய அறிஞர் லுட்விக் போல்ட்ஸ்மேன் வேறு வழியில் போனார். இருக்கிற ஒரு குடுவையை விட்டுவிட்டு, அதே போன்ற எண்ணற்ற குடுவைகளை மனத்தில் நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றே. உள்ளே மூலக்கூறுகளின் நிலை மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. அத்தனைக்கும் சராசரி எடுத்தால் நம் குடுவையின் அழுத்தம் வந்துவிடும். மாக்ஸ்வெல் 1879இல் இம்முறையைக் கையாண்டார்.

இதை முழுச் சாத்திரமாக்கியவர் அமெரிக்கர் ஜோசையா வில்லர்ட் கிப்ஸ். யேல் பல்கலைக்கழகம் 1871இல் இவரைப் பேராசிரியராக்கியது, சம்பளம்தான் கொடுக்கவில்லை! 1880இல் வேறொரு பல்கலைக்கழகம் அழைத்த பிறகே யேல் பணப்பையைத் திறந்தது. அந்த மனிதர் 1902இல் வெளியிட்ட நூலில்தான் இந்தக் கற்பனைக் கூட்டத்துக்கு 'என்செம்பிள்' என்ற பெயர் நிலைபெற்றது. நாம் 'குழுமம்' எனலாம். ஆற்றல் மாறாமல் அடைபட்ட குடுவைகள் ஒரு வகை. வெந்நீர்த் தொட்டியில் வைத்ததுபோல வெப்பநிலை மாறாமல், ஆற்றல் மட்டும் கூடிக் குறைவது இன்னொரு வகை. மூலக்கூறுகளே வந்துபோவது மூன்றாவது. முதல் சிந்தனை போல்ட்ஸ்மேனுடையதாக இருக்கலாம் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார் கிப்ஸ். அந்தப் பெருந்தன்மை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அதே முன்னுரையில் உள்ள இன்னொரு செய்தி. இரண்டு அணுக்கள் சேர்ந்த வாயு மூலக்கூறு ஆறு விதமாக அசையலாம் என்றது அன்றைய கோட்பாடு. வெப்பச் சோதனையில் ஐந்துக்குத்தான் கணக்கு வந்தது. கிப்ஸ் அதை மறைக்கவில்லை. பொருளின் உள்ளமைப்பு பற்றிய ஊகத்தின்மேல் கட்டினால் அடித்தளம் ஆடும் என்று சொல்லி, தம் கணக்கை எந்த ஊகத்தையும் சாராமல் அமைத்தார்.

கிப்ஸ் 1903இல் மறைந்தார். போல்ட்ஸ்மேன் 1906இல் டுயினோ என்ற கடற்கரை ஊரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அணுவை நம்பாதவர்களின் எதிர்ப்பே காரணம் என்று பலரும் சொல்வார்கள். அவர் நெடுங்காலம் மனநோயால் வாடியவர். அவ்வளவு எளிதாக முடிவுகட்ட முடியாது.

இதற்கிடையே பெர்ன் நகரில், கிப்ஸின் நூலை அறியாமலே, 1902 முதல் 1904 வரை மூன்று கட்டுரைகளில் ஏறத்தாழ அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். அந்த நூலை முன்பே பார்த்திருந்தால் அக்கட்டுரைகளை வெளியிட்டே இருக்கமாட்டேன் என்று 1911இல் எழுதினார். அவர் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

ஆறுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட புதிரைக் குவாண்டம் இயற்பியல் பின்னர் அவிழ்த்தது. மூலக்கூறின் இயக்கம் பற்றிய பழைய விதிகள் அதில் மாறிப்போயின. கிப்ஸின் குழுமங்களை மட்டும் யாரும் கைவிட வேண்டி வரவில்லை.