துறைமுகமும் பள்ளிக்கூடமும்: யுத்தகாலத்துத் திருக்கோணமலை

உலகத்து இயற்கைத் துறைமுகங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் திருக்கோணமலையைப் பற்றி எழுதப்புகுந்த சரித்திராசிரியர்கள், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன்பொருட்டு மாறிமாறிப் பொருதிய வரலாற்றை விரித்துரைத்து, இரண்டாவது உலக மகாயுத்தம் என்னும் அத்தியாயத்துக்கு வந்ததும், மூழ்கிய கப்பல்களின் பெயர்களையும் வீழ்ந்த விமானங்களின் தொகையையும் குறித்துவிட்டு அமைந்துவிடுவது வழக்கம். அந்த வருஷங்களில் இப்பட்டினத்துப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள், படிப்பை விட்டவர்கள் எதற்காக விட்டார்கள், யுத்தம் முடிந்தபோது அவர்களுடைய தம்பி தங்கையருக்கு என்ன கிடைத்தது என்பவையும் சரித்திரமேயாகும். பீரங்கிகளின் கதையைவிட இந்தக் கதையே ஊரின் பிற்கால வாழ்க்கையை நிர்ணயித்தது என்பது என் துணிபு.

யுத்தம் மூளுமுன்னரே திருக்கோணமலை கல்வியிற் பின்தங்கிய ஊராக இருக்கவில்லை. மெதடிஸ்த சங்கத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கு பாடசாலைகளை நடத்தத் தொடங்கினர். கத்தோலிக்கரின் புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தோன்றியது. சைவ மக்களின் முயற்சியால் 1897இல் இந்துக் கல்லூரிக்கு அடித்தளமிடப்பட்டது. பெண்களுக்கென்று 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்னும் அம்மையார் ஸ்தாபித்த பாடசாலையே இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியாக விளங்குகிறது. தமக்கென ஒரு பெருஞ்செல்வத்தை வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பெண்களின் வித்தைக்கென்று உபகரித்த அவ்வம்மையாரின் பெயர், கோட்டைகளுக்குப் பெயரிட்ட தளபதிகளின் பெயர்களுக்கு முன்னே வைத்து நினைக்கப்பட வேண்டியது. இந்துக் கல்லூரி 1925இல் இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டபோது, காரைதீவிற் பிறந்து விஞ்ஞானத்திற் பயிற்சி பெற்றுப் பின்னர்த் துறவு பூண்ட சுவாமி விபுலானந்தர் அதன் பொறுப்பை ஏற்று, அதிபராகவும் இருந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் செல்லும் வரையில் அதனை வளர்த்தார்.

ஆயினும் இந்த ஊரின் ஆங்கிலக் கல்விக்கு ஒரு விசேஷ லட்சணம் இருந்தது. 1905ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தானியர் இத்தளத்தைப் பெரும்பாலும் கைவிட்டிருந்த போதிலும், முதலாவது உலக யுத்தத்துக்குப் பின்னர் சீனன்குடாவில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய்த் தாங்கிகளை வரிசை வரிசையாக அமைக்க முற்பட்டனர். 1927இல் புகையிரதப் பாதையும் வந்து சேர்ந்தது. தமிழ்ப் பாடசாலையிற் கட்டணமின்றிப் படித்தவன் தோணியோ வயலோ கூலி வேலையோ என்று போக, ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் செலுத்திப் படித்தவன் கடற்படைத் தளத்திலோ கச்சேரியிலோ லிகிதராகலாம் என்ற நிலை நிலவியது. படிப்பின் எல்லை துறைமுகத்து வாசலோடு முடிந்துவிடுவதாகப் பல குடும்பங்கள் கருதின. அவ்வாறு கருதியதற்காக அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை; மாதச் சம்பளம் என்பது மழையையும் கடலையும் நம்பியிருந்த வீட்டுக்கு எத்தகைய ஆறுதல் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும், வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையிற் பிரித்தானியருக்கு எஞ்சிய பிரதான கடற்படைத் துறைமுகம் திருக்கோணமலை என்றாயிற்று. மார்ச்சு மாதத்தில் இரங்கூனும் போயிற்று. ஏப்ரில் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்கள் கழித்து, சித்திரை வருஷப் பிறப்புக்கு வீடுகள் ஆயத்தமாகிக்கொண்டிருக்க வேண்டிய வேளையில், ஏப்ரில் 9ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஏழரை மணியளவில், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஏறத்தாழ 130 விமானங்கள் திருக்கோணமலையின்மீது வந்தன. கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுகளுக்கு இரையாயின. ஜப்பானிய விமானமொன்று எண்ணெய்த் தாங்கியின்மீது மோத, அது பல நாட்கள் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது. தாக்குதலுக்கு அஞ்சி முதல் நாளிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலோ, தாக்குதல் தொடங்கிக் காற்பங்கு நாள் கழியுமுன், தனக்கு மேலே ஒரு விமானத்தின் காவலுமின்றி, மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் முந்நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளுடன் அமிழ்ந்தது.

கப்பல்கள் வெளியேறலாம்; ஊர் எங்கே வெளியேறும்? ஆனாலும் ஊரும் வெளியேறியது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டுக் கிராமங்களுக்கும், உறவினர் இருந்த யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பெயர்ந்தனர். வகுப்பு என்பது ஒரு கட்டடத்திலும் ஒரு பெயர்ப்பட்டியலிலும் தங்கியிருக்கும் வஸ்துவன்று. ஒரே பாடத்தை ஒரே காலத்திற் கேட்கும் பிள்ளைகளின் கூட்டமே அது. கூட்டம் சிதறியபோது வகுப்பும் சிதறிற்று. அடைக்கலம் புகுந்த ஊரில் இடமிருந்த பாடசாலையிற் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு தொடர்ந்தது. சேர இயலாதவர்களுக்கு அந்த வருஷம் வெறுமையாகவே கழிந்தது. தலைநகரிலும் நிலைமை இதற்கு மேம்பட்டதன்று. கொழும்பு றோயல் கல்லூரியின் கட்டடம் இராணுவ ஆஸ்பத்திரியாக்கப்பட்டு, மாணாக்கர் வாடகை வீடுகளிற் பயின்றனர், கல்கிசைப் பரி. தோமாவின் கல்லூரி இராணுவத்தினர் வசமாக, அதன் ஒரு பகுதி மலைநாட்டிலுள்ள குருத்தலாவைக்குச் சென்றது. இத்தனைக்கும் மத்தியில், திருக்கோணமலை தாக்கப்பட்டு மூன்று மாதங்கள் நிறைவதற்குள், 1942 ஜூலை முதலாந் தேதி இலங்கைப் பல்கலைக்கழகம் ஆரம்பமானது என்பதை நினைக்குந்தோறும், அந்தத் தலைமுறையினரின் மனவுறுதி வியப்பளிக்கிறது.

திரும்பி வந்தவர்கள் கண்டது வேறோர் ஊரை. இரவில் இருட்டடிப்பு, அபாயச் சங்கு ஊதினாற் பதுங்கு குழி. தீவுக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தமையால், அந்த வழி அடைபட்டதும் பங்கீடு வந்தது. கூப்பனைக் கொண்டு சங்கக்கடையின் முன்னே வரிசையில் நிற்பது பிள்ளைகளின் வேலையாயிற்று. அரிசிச் சோறு குறைந்த வீடுகளில் கோதுமை மாவும் பாணும் மரவள்ளிக் கிழங்கும் குரக்கனும் அதனிடத்தைப் பிடித்தன. உலகெங்கும் காகிதம் அருமையாகிவிட்ட அக்காலத்தில் சிலேட்டுப் பலகை மீண்டும் மதிப்புப் பெற்றது. ஜன்னலை மூடி, குப்பி விளக்கின் சுடர் வெளியே தெரியாதவாறு தாழ்த்தி, புழுக்கத்திலிருந்து இலக்கணமும் கணிதமும் மனனம் செய்த மாணாக்கனுக்கு, படிப்பு என்பது சௌகரியத்தின் பலன் அன்று.

பசியைக் காட்டிலும் படிப்புக்குப் பெரிய போட்டியாக வந்தது சம்பளம். ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியிருந்த பிரித்தானியரின் கீழைத்தேசக் கடற்படை 1944 ஜனவரியில் திரும்பி வந்தது. ஏப்ரிலில் தென்கிழக்காசிய நேசப்படைகளின் உச்சத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமைச் செயலகத்தைக் கண்டிக்கு மாற்றினார். பிரித்தானியக் கப்பல்களோடு பிரெஞ்சு 'ரிஷ்லியூ'வும் ஒல்லாந்தக் கப்பல்களும் உட்டுறைமுகத்தில் நங்கூரமிட்டன. பெரிய மிதக்கும் பழுதுபார் மேடை ஒன்று அவ்வாண்டு ஆகஸ்டில் 'வேலியன்ட்' என்னும் போர்க்கப்பலைத் தாங்கிய நிலையிலே உடைந்து போயிற்று. கப்பற்பட்டறைக்கும் பண்டகசாலைக்கும் விமானத்தளத்துக்கும் ஆட்கள் வேண்டியிருந்தனர். நாலெழுத்து ஆங்கிலம் தெரிந்தாற் போதும், கணக்கெழுத இடமுண்டு. அதுவும் தெரியாவிட்டாற் சுமை தூக்க இடமுண்டு. தந்தையின் வருமானத்தை விஞ்சும் கூலியை மகன் கொண்டுவரும்போது, கட்டணம் கொடுத்து அவனைப் பள்ளிக்கு அனுப்புமாறு தாயிடம் எடுத்துரைக்க ஓர் உபாத்தியாயருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அவ்வாறு எடுத்துரைத்த உபாத்தியாயர்கள் எந்தப் பதக்கப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. ஆனால் அந்த வருஷங்களிற் பாடசாலைகள் பாடசாலைகளாகவே நிலைத்ததற்கு அவர்களே காரணம்.

இந்த இடத்தில் அமெரிக்காவை நினைப்பது பொருந்தும். 1944 மார்ச்சு முடிவில் 'சரடோகா' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் மூன்று நாசகாரிகளுடன் திருக்கோணமலைக்கு வந்து, ஏப்ரில் 19இல் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தையும், மே 17இல் ஜாவாவின் சுரபாயாவையும் பிரித்தானியருடன் சேர்ந்து தாக்கியது. அதில் வந்த மாலுமிகளுள் ஒரு சாரார் பதினெட்டு, பத்தொன்பது வயதினர். சிறிது காலத்துக்கு முன்னர்தாம் தத்தம் ஊர் உயர்நிலைப் பள்ளியை விட்டு வந்தவர்கள். அந்த நாட்டில் உயர்நிலைப் பள்ளி ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஸ்தாபனம், கட்டணம் இல்லை, 1940ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் அதன் இறுதி வகுப்பை முடித்து வெளியேறினர். யுத்தம் அங்கேயும் வகுப்புக்குள் நுழைந்தது. 1942இல் 'வெற்றிப் படை' என்ற பெயரில் உயர்நிலை மாணாக்கருக்கென ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் பழைய இரும்பு சேகரித்தனர், யுத்த முத்திரைகள் வாங்கினர், தோட்டமிட்டுக் காய்கறி பயிரிட்டனர், விமானவியலின் ஆரம்பப் பாடங்களைக் கற்றனர். பசிபிக் கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரின் பிள்ளைகளோ, முள்வேலிக்குள்ளே மரக்கொட்டகைகளில் அதே அமெரிக்கப் பாடங்களைப் படித்தனர்.

குண்டே விழாத அந்தப் பெருநிலத்திலும் தொழிற்சாலைக் கூலி பள்ளியை வென்றது. 1941க்கும் 1944க்கும் இடையில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் தொகை பத்து லட்சத்துக்கு மேல் குறைந்தது. 'பள்ளிக்குத் திரும்புங்கள்' என்று அரசாங்கமே தேசமெங்கும் இயக்கம் நடத்த வேண்டியதாயிற்று. திருக்கோணமலைச் சிறுவன் கப்பற்பட்டறைக்குப் போனதும் டிற்றொயிட் சிறுவன் தொழிற்சாலைக்குப் போனதும் ஒரே காரணத்தால்தான். டிற்றொயிட் சிறுவன் திரும்பி வர நினைத்தாற் கட்டணமின்றி வரலாம். திருக்கோணமலைச் சிறுவனாலோ முடியாது என்பதே வேற்றுமை.

அந்த வேற்றுமையைப் போக்கும் முயற்சி கொழும்பில் நடந்துகொண்டிருந்தது. அரசாங்க சபையின் கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேஷ கமிட்டி, யுத்தத்தின் நடுவே, 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆரம்பக் கல்வி தாய்மொழியில் அளிக்கப்பட வேண்டும், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக வேண்டும் என்பன அதன் கொள்கைகள். யுத்தச் செலவும் உணவுச் செலவும் திறைசேரியை நெருக்கிய அந்நாளில், இதற்குப் பணம் எங்கே என்று கேட்டவர்கள் பலர். கட்டண வருமானத்தால் நடந்த பாடசாலைகளின் நிர்வாகிகளுட் சிலரும் எதிர்த்தனர். ஜப்பான் சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டு ஒரு மாதம் நிறைவதற்கு முன், 1945 ஒக்டோபர் முதலாந் தேதி, இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. என் மதிப்பில், யுத்த வருஷங்கள் திருக்கோணமலைக்கு ஈந்த நன்மை என்று சொல்லத்தக்கது இதுவொன்றே.

அமெரிக்கர் இந்த ஊருக்கு இரண்டாம் முறையாக வந்தது போர்க்கப்பலிலன்று, ஆசிரியர்களாக. 1895 முதல் பிரெஞ்சு இயேசு சபையாரின் பொறுப்பிலிருந்த திருக்கோணமலை மேற்றிராசனத்துக்கு, யுத்தம் முடிந்தபின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைக் குருமார் வந்தனர். அவர்களைச் சேர்ந்த இக்நேஷியஸ் கிளெனி 1947இல் மேற்றிராணியாரானார். புனித சூசையப்பர் கல்லூரி மைதானத்திற் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியதும் இவர்களால்தான். 1948இல் வந்து, கிழக்கு மாகாணத்திலேயே தம் ஆயுளைக் கழித்து, கற்பித்தும் விளையாட்டுப் பயிற்றியும் வந்த லூயிசியானாக்காரரான யூஜின் ஹெபர்ட் அடிகளார், பிற்காலத்தில் இந்நாட்டிலேயே மூண்ட யுத்தத்தின்போது, 1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி மட்டக்களப்புக்குச் செல்லும் வழியிற் காணாமற்போனார்.

கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957 ஒக்டோபர் 15இல் இலங்கை அரசாங்கத்திடம் கையளித்துச் சென்றனர். அதையே நம்பிப் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்களுக்கு அது பேரிடி. ஆனால் 1945 ஒக்டோபரில் ஐந்து வயதில் அரிவரி வகுப்பிற் கட்டணமின்றிச் சேர்ந்த பிள்ளைக்கு அப்போது பதினேழு வயது. தகப்பனார் வேலையிழந்து வீடு திரும்பிய அதே காலத்தில், மூத்த தலைமுறை விலைகொடுத்தும் முடிக்க இயலாத படிப்பை அந்தப் பிள்ளை முடித்து, சிரேஷ்ட பாடசாலைத் தராதரப் பத்திரத்தோடு ஆசிரியர் உத்தியோகத்துக்கும் பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கும் விண்ணப்பம் எழுதக்கூடிய நிலையில் இருந்தது.