உதவிக்கு ஒரு வாசல்: நூறாண்டுக் கதை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது, ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் என் அறைத்தோழன் ஒருவன் முகம் வந்து முன்னால் நின்றது. குரூப் போட்டோவில் அவன் இல்லை.

2008-ல் நாங்கள் சேர்ந்தோம். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். அடுத்ததில் இன்னும் இரண்டு. மூன்றாவது செமஸ்டர் ஃபீஸ் கட்ட வீட்டில் வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

சில வருடம் கழித்து ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது அவனைப் பார்த்தேன். ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை. பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான்: "அன்னிக்கு யார்கிட்ட போய்க் கேக்கணும்னே தெரியலடா." ஒரே அறையில் ஒரு வருடம் இருந்தும் அவனிடம் "என்னடா பிரச்சினை?" என்று நானும் கேட்கவில்லையே! அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

"யாரிடம் போய்க் கேட்பது?" என்ற கேள்வி நம் மண்ணில் மிகப் பழையது. பெற்றோரில்லாத, வசதியற்ற பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்க, சென்னை மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905-லேயே தொடங்கியது. வெளியூரிலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வந்தவர்களில் பலருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், சாதி காரணமாகத் தங்கிச் சாப்பிட இடம் கிடைக்காத காலம் அது. அதற்காகவே டாக்டர் சி. நடேசனார் 1916-ல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியைத் திறந்தார். அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர்! அதே 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார்.

இவையெல்லாம் அரசாங்க ஆணைக்குக் காத்திராமல் தனிமனிதர்கள் முன்வந்து திறந்த வாசல்கள்.

அடுத்த கட்டத்தின் கதை வேறு. அதில் பல வாசல்கள் ஓர் உயிர் போன பிறகுதான் திறந்தன. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்டார். தமிழகமே அதிர்ந்தது, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009 மார்ச்சில், நாங்கள் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, இமாசலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் ராகிங்கில் இறந்தார். அந்த ஆண்டே பல்கலைக்கழக மானியக் குழுவின் கடுமையான விதிமுறைகள் வந்தன. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தருவது அதற்குப் பின்தான். 1800-180-5522 என்ற இலவச எண்ணும் அந்தப் போராட்டத்தின் விளைவே.

மனச்சுமைக்கான வாசலும் அப்படித்தான். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' அமைப்பில் தன்னார்வலர்கள் அமர்ந்து, முன்பின் தெரியாதவர்களின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். மத்திய அரசின் 'டெலி மனஸ்' 2022 அக்டோபரில் தொடங்கியது, எண் 14416. 2025 ஜூலையில், ஒரு மாணவியின் மரண வழக்கில், நூறு மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது.

பண விஷயத்துக்கு வருவோம். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை என்ற தமிழக அரசுத் திட்டம் 2010-11-ல் வந்தது. என் நண்பனுக்கு இரண்டே வருடம் தாமதம்! ஆனால் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடில்லாமல் வங்கிக் கல்விக் கடன் வாங்க அன்றைக்கே வழி இருந்தது. அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வழியாகப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். ஏரியில் 24 அடி தண்ணீர் நின்றாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காயத்தானே செய்யும்? சட்டமும் திட்டமும் ஏரி மாதிரி. வாய்க்கால் என்பது பக்கத்தில் இருக்கும் மனிதர்கள்: வகுப்பு ஆலோசகர், வார்டன், அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் அண்ணன், சீனியர், அறைத்தோழன்.

தம்பி தங்கைகளே! அரியர் விழுந்தால் அந்த வாரமே பாட ஆசிரியரைப் பாருங்கள். ஃபீஸ் பிரச்சினை என்றால் கடைசித் தேதிவரை ஒளித்து வைக்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் நடுராத்திரியானாலும் 14416-ஐக் கூப்பிடுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். சண்முகம் செட்டியாரும் ஒரு காலத்தில் அடுத்தவர் திறந்த கதவின் வழியே போனவர்தான்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நம்மில் எத்தனையோ பேர் கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் வேலை செய்கிறோம். இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் முதல் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு ஒருவர் என்று அண்ணனாக, அக்காவாக நாம் பொறுப்பேற்றுக்கொண்டால் என்ன? மாதம் ஒரு போன், செமஸ்டருக்கு ஒரு நேர்ச் சந்திப்பு போதும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அழைத்தும் என் நண்பன் இந்தச் சந்திப்புக்கு வரச் சம்மதிக்கவில்லை. "நான் பாஸ் அவுட் இல்லையேடா" என்கிறான். அடுத்த சந்திப்புக்கு அவனைக் கையோடு கூட்டிவர வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
மெக்கானிக்கல், 2008–2012 பேட்ச்