கொயினா தந்த பாடம்

பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் பெருவழியிலே, மகாவலி கங்கையின் போக்கை அடுத்து அமைந்த ஊர் கெலிஓயா. இவ்வூரைச் சூழ்ந்த மலைநாட்டைத் தேயிலை நாடு என்றே யாவரும் அறிவர். ஆயினும், கோப்பி மறைந்து தேயிலை ஓங்கிய இடைக்காலத்தில், மருந்து மரமொன்று இம்மலைகளிலே சில ஆண்டுகள் செழித்திருந்தது. கொயினா என்னும் கசப்பு மருந்தைத் தரும் சிங்கோனாவே அது.

தென்னமெரிக்க மலைகளுக்குரிய இம்மரத்தின் பட்டை மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியருக்குத் தெரியவந்தது. 1820இல் பெல்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1861இல் இம்மரம் ஹக்கலைப் பூங்காவில் நடப்பட்டது. 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கவே, தோட்டத் துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை கப்பலேறிற்று. பட்டை குவியக் குவிய விலை சரிந்தது. யாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த இனமோ கொயினாச் சத்து மிகுந்தது. போட்டியில் தோற்ற இலங்கை மரங்கள் வெட்டுண்டன.

மரத்தை நம்பாது ஆய்வுகூடத்திலேயே கொயினாவை ஆக்கலாகாதா என்ற எண்ணம் இதற்கு முன்னரே எழுந்திருந்தது. 1856இல் பதினெட்டு வயது நிரம்பிய பேர்க்கின் என்னும் ஆங்கில மாணவர் அதனை முயன்றார். கொயினாவின் ஒரு மூலக்கூறில் காபன் 20, ஐதரசன் 24, நைதரசன் 2, ஒட்சிசன் 2 என அணுக்கள் உள. தொகை சரியானால் பொருளும் வந்துவிடும் என அவர் எண்ணினார். கிடைத்ததோ ஊதாச் சாயம்! எழுத்துக்களை எண்ணிக் கொட்டினால் சொல்லாகாது. முறைப்படி அடுக்கினாலன்றோ பொருள் பிறக்கும்? அணுக்களின் அடுக்கை அறிந்து, அதன்படி ஒவ்வொன்றாய் இணைப்பதே சேதனத் தொகுப்புக் கலை.

1934இல் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல், கண்டிப் பகுதிகளில் மலேரியா கொள்ளைநோயாய்ப் பரவியது. கொயினா வழங்கப்பட்டும், பசியால் நலிந்திருந்த மக்களுள் ஏறக்குறைய 80,000 பேர் 1935க்குள் மாண்டனர். ஒருகாலத்தில் உலகுக்குப் பட்டை அனுப்பிய நாட்டின் கதி இது.

அதே 1934இல், ஜெர்மனியின் எல்பர்பெல்ட் நகரில், பேயர் நிறுவன ஆய்வாளர் ஹான்ஸ் அண்டர்சாக் புதிய சேர்வையொன்றைத் தொகுத்தார். நச்சுத்தன்மை மிகுந்தது எனக் கருதி அதனை ஒதுக்கி வைத்தனர். 1942இல் ஜப்பானியர் யாவாவைக் கைப்பற்ற, நேச நாடுகளுக்குக் கொயினா அரிதாயிற்று. அமெரிக்கர் பல்லாயிரம் சேர்வைகளைச் சோதித்தனர். 7618 என்னும் எண் பெற்ற சேர்வை சிறந்து நின்றது. அதுவே அண்டர்சாக் ஆக்கிய பொருள்! 1946இல் குளோரோகுவின் எனப் பெயர் பெற்றது. உரிய காலத்தில் மீண்டும் சோதித்திருந்தாலும் அது 1935இல் நம் கிராமங்களை எட்டியிராது. ஆயினும் பத்தாண்டு வீணாயிற்று என்பது மெய். கொயினாவைத் தொகுக்கும் வழியையும் 1944இல் உட்வேர்ட், டோரிங் என்போர் வகுத்தனர். ஆனால் மக்களுக்குப் பெரிதும் உதவியது அவ்வரிய வழியன்று. மலிவாக ஆக்கக்கூடிய குளோரோகுவினே.

நுளம்பொழிப்பும் இம்மருந்தும் துணைநிற்க, 1963இல் இலங்கையில் மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே காணப்பட்டனர். வென்றுவிட்டோம் எனக் காவல் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை நோய் மீண்டும் பற்றியது. 1984இல் குளோரோகுவினுக்கு அடங்காத கிருமியும் இங்கு காணப்பட்டது. 1972இல் சீனப் பெண்மணி தூ யூயூவின் குழுவினர் பழைய மருத்துவ நூல்களின் துணையால் ஒரு மூலிகையிலிருந்து பிரித்த ஆர்ட்டிமிசினின் பின்னாளில் கைகொடுத்தது. அதற்காக அவர் 2015இல் நோபல் பரிசு பெற்றார்.

இடைவிடாக் கண்காணிப்பின் பயனாக, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மருந்தை ஆக்குவது ஆய்வாளர் கடமை. ஒதுக்கியதையும் ஐயத்தோடு மீண்டும் நோக்குவது அக்கடமையின் மறுபாதி. கண்ட மருந்தைக் காலத்தே மக்களிடம் சேர்ப்பதும், வென்ற பின்னும் விழித்திருப்பதும் நாட்டின் கடமையாகும்.