முடி உதிர்வுக்கு வீட்டிலேயே ஊசி உருளை: பலன் எவ்வளவு, ஆபத்து எங்கே?

திருமலையில் உள்ள கல்யாணகட்டாவில் இரவு பகலாக மொட்டை அடிக்கப்படுகிறது. திருப்பதி தேவஸ்தானம் நாள்தோறும் வெளியிடும் கணக்கில், முடி காணிக்கை செலுத்திய பக்தர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் 20 ஆயிரத்தைத் தாண்டுகிறது. வேண்டுதல் ஒருபுறம் இருக்க, மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும் தமிழகத்திலும் நீண்ட காலமாக நிலவுகிறது. மருத்துவம் இதை ஏற்பதில்லை. மழித்த முடியின் நுனி மழுங்கியிருப்பதால் புதிய முடி தடிப்பாகத் தெரிகிறது. தோலுக்கு அடியில் உள்ள வேர்ப்பைகளின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும்.

மொட்டையில் பலன் காணாத இளைஞர்கள் பலர் இப்போது நாடுவது ‘டெர்மாரோலர்’ எனப்படும் ஊசி உருளையை. கைப்பிடியின் முனையில் சுழலும் சிறு உருளை முழுவதும் நுண்ணிய ஊசிகள் பதிக்கப்பட்டிருக்கும். இதை உச்சந்தலையில் உருட்டித் துளைகள் இடுவதே ‘மைக்ரோநீட்லிங்’ சிகிச்சை. காயத்தை ஆற்ற உடல் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் முடியின் வேரையும் தூண்டும் என்பதும், மேலே பூசும் மருந்து எளிதில் உள்ளிறங்கும் என்பதும் இதன் அடிப்படை.

இது வெறும் விளம்பரக் கதை அல்ல. இதற்கான முக்கிய ஆதாரங்களில் ஒன்று இந்தியாவில் இருந்தே கிடைத்தது. மும்பை சயான் பகுதியில் உள்ள லோகமான்ய திலக் நகராட்சி மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர் ரச்சிதா துரத் தலைமையிலான குழு, பரம்பரை வழுக்கை உள்ள 100 ஆண்களிடம் நடத்திய ஆய்வை 2013-ல் வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு 5 சதவீத மினாக்சிடில் திரவம் மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ஊசி உருளை சிகிச்சையும் தரப்பட்டது. 12 வார முடிவில், கணக்கிடப்பட்ட பரப்பில் முதல் பிரிவினருக்குச் சராசரியாக 22 முடிகளும், இரண்டாம் பிரிவினருக்கு 91 முடிகளும் கூடியிருந்தன.

எண்கள் கவர்ச்சியானவைதான். ஆனால், அந்த ஆய்வில் உருளையைப் பிடித்தது மருத்துவரின் கை. ஊசி போட்ட பின் 24 மணி நேரத்துக்கு மினாக்சிடில் பூச வேண்டாம் என்றும் அறிவுறுத்தப்பட்டது. வீட்டில் செய்வோர் பலர் உருட்டி முடித்த சூட்டோடு மருந்தைத் தேய்க்கின்றனர். மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக வந்த மருந்து. அமெரிக்காவில் 1979-ல் அதற்காகவே அனுமதி பெற்றது. அதை உட்கொண்டவர்களுக்கு முடி அதிகம் வளர்ந்ததைக் கண்ட பிறகே, தலையில் பூசும் திரவம் 1988-ல் அங்கு அனுமதிக்கப்பட்டது. ஊசித் துளைகள் வழியே ரத்தத்தில் அளவுக்கு அதிகமாகக் கலந்தால் படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் ஏற்படலாம்.

அடுத்தது தொற்று. திருமலையில் மொட்டைக்கான டோக்கனுடன் புதிய பிளேடும் வழங்கப்படுகிறது. ஒருவருக்குப் பயன்படுத்தியது மற்றவர் தலையில் படக்கூடாது என்பதே நோக்கம். வீட்டிலோ ஒரே உருளையை அண்ணனும் தம்பியும், விடுதி அறையில் நண்பர்களும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது உண்டு. ரத்தம் படும் ஊசி வழியாக ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவக்கூடும். ஒருவரே பயன்படுத்தினாலும், முனை மழுங்கிய ஊசி துளையிடாமல் தோலைக் கிழித்துவிடும்.

அழுத்தி உருட்டினால் அதிகம் வளரும் என்பதும் தவறு. ஆழமான காயம் தழும்பாக மாறினால், தழும்பில் முடி முளைக்காது. திருமலைத் தல புராணத்திலும் இதற்கு இணையான செய்தி உண்டு: பெருமாளின் தலையில் அடிபட்ட இடம் முடியின்றி இருந்ததைக் கண்ட நீளாதேவி, தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்து அங்கு வைத்தாள் என்றும், முடி காணிக்கை வழக்கம் அதிலிருந்து வந்தது என்றும் கூறப்படுகிறது.

தலையில் புண், சீழ், படை, சொரியாசிஸ் உள்ளவர்களும், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு கொண்டவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் ஊசி உருளையைத் தவிர்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், எந்த வகை உதிர்வு என்று தெரியாமலேயே சிகிச்சையைத் தொடங்குவது. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல், பிரசவம், கடும் பட்டினி ஆகியவற்றுக்கு 2 முதல் 3 மாதங்கள் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிர்வது வழக்கம். பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாகவே சீராகும். அந்த நேரத்தில் உருளை வாங்கியவர், வளர்ந்த முடிக்கு உருளையே காரணம் என்று நம்புவார். நாலு பேருக்குப் பரிந்துரையும் செய்வார். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டி ஆகியவை காரணமாக இருந்தால், உருளையால் அவற்றைத் தொடக்கூட முடியாது. குழந்தைகளுக்கு வட்டமாக முடி கொட்டினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; அதற்கு மாத்திரை தேவைப்படும்.

சின்ன வெங்காயச் சாறு பற்றிய நம்பிக்கையிலும் இதே குழப்பம் உள்ளது. ஈராக்கில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் வெங்காயச் சாறு பலன் தந்தது உண்மை. ஆனால், அது புழுவெட்டுக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. புழுவெட்டு பலருக்குத் தானாகவே ஆறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை எண்ணெய்கள் முடி வறண்டு உடைவதைக் குறைக்கலாம். பரம்பரை வழுக்கையைத் தடுப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பினாஸ்டரைடு மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஆண் கருவின் வளர்ச்சியை அது பாதிக்கும்.

முடி மாற்று அறுவை சிகிச்சை போன்றவற்றை யூடியூப் பார்த்துக் கற்பது மருத்துவர்களுக்கே போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவுறுத்தியது. திருப்பதி ருயா அரசு மருத்துவமனை போன்ற போதனை மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் உதிர்வின் வகையை அறிந்துகொள்ளலாம்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் மட்டுமே வளரும். எனவே, எந்தச் சிகிச்சையின் பலனையும் 4 முதல் 6 மாதங்களுக்கு முன் மதிப்பிட முடியாது. மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவதும் இயல்பே. அதை நிறுத்தினால், அதனால் வளர்ந்த முடி சில மாதங்களில் உதிர்ந்துவிடும்.