கடைப் பலகையும் நகரச் சட்டமும்



தோட்டத்து நுழைவாயிலில் நிற்கும் பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோட்டத்தின் பெயரும், அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கும். அதில் என்ன எழுதுவது என்பதை நிர்வாகமே தீர்மானிக்கும். ஆனால், தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்து, சேமித்த பணத்தில் சிறு கடை திறக்கும் நம் பிள்ளை, தன் கடை வாசலில் பெயரெழுத ஊராட்சி மன்றத்தின் உரிமம் பெற வேண்டியிருக்கிறது. "வாடகை கொடுப்பது நான்; என் சுவரில் எழுத யாரைக் கேட்பது?" என்று அவன் வியப்பது இயல்பே. இதற்கு விடையை ஜொகூரின் சரித்திரத்தில் தேடுவோம்.

1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் தஞ்சோங் புத்ரி என்ற குடியிருப்பை நிறுவினார். 1866இல் அவர் மகன் அபு பக்கார் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். 1924இல் சிங்கப்பூர் இணைப்புப் பாலம் முறைப்படி திறக்கப்பட்டதும் போக்குவரத்து பெருகியது, கடைகளும் பெருகின. மலாய்க்காரர், சீனர், தமிழர் என ஒவ்வொரு வணிகரும் தம் வாடிக்கையாளர் படிக்கும் எழுத்தில் பலகை மாட்டினர்.

அக்காலக் கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை உண்டு. சுவர் கடைக்காரருக்குச் சொந்தம். நடைபாதையோ எல்லோருக்கும் பொது. ஆணி கழன்று பலகை விழுந்தால் அடிபடுவது வழிப்போக்கர் தலை. தனியார் இடத்திலுள்ள பலகைக்கும் பொதுச்சட்டம் தேவைப்படுவதன் வேர் இதுதான்.

பின்னர் மொழியும் இதனுடன் சேர்ந்தது. 1956 ஜூன் 22ஆம் நாள் ஜொகூர் பாருவில் பாலாய் புஸ்தாகா தொடங்கப்பட்டது. அதுவே டேவான் பஹாசா டான் புஸ்தாகாவாக வளர்ந்து, 1957இல் கோலாலம்பூருக்கு இடம் மாறியது. சுதந்திர நாட்டின் அரசியலமைப்பு, 152ஆம் பிரிவில் மலாயைத் தேசிய மொழியாக்கியது. அதே பிரிவு, அரசாங்க அலுவல் அல்லாத காரியங்களில் பிற மொழிகளைப் பயன்படுத்தவும், கற்கவும், கற்பிக்கவும் தடையில்லை என்றும் உறுதி தந்தது. ஆகவே பலகையில் தேசிய மொழி முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறது. அதனுடன் நம் தமிழுக்கும் இடமுண்டு.

1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் பழைய ஏற்பாடுகளை ஒழுங்குபடுத்தியது. மன்றங்கள் உபவிதிகள் வகுக்கலாம். மாநில அரசு உறுதிப்படுத்தி, அரசாங்க கெஸட்டில் வெளியிட்ட பிறகே அவை செல்லும். உபவிதியை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. உரிமத்தைக் காரணம் கூறாமலே மீட்டுக்கொள்ளும் அதிகாரமும் மன்றத்துக்கு உண்டு. சிறு வணிகர் அறிந்திருக்க வேண்டிய கடுமையான விதி இது.

ஜொகூர் பாரு 1977இல் நகராண்மைக் கழகமாயிற்று. 1994 ஜனவரி முதல் நாள் மாநகரமாயிற்று. இஸ்கந்தர் புத்ரி 2017இலும், பாசிர் கூடாங் 2020இலும் அந்தத் தகுதியைப் பெற்றன. நம்மவர் பால் வெட்டிய, செம்பனைக் குலை அறுத்த நிலங்களில் இன்று மாநகரச் சட்டம் நடக்கிறது. மரப்பலகை போய், நியான் விளக்கு வந்து, இன்று மின்திரைகள் ஒளிர்கின்றன. மரப்பலகைக் காலத்து விதி மின்திரைக்குப் போதாது. அதனால்தான் விதிகளும் காலத்துக்குக் காலம் திருத்தப்பட வேண்டியிருக்கிறது.

ஆகவே நேயர்களே, பலகை எழுதுபவருக்கு முன்பணம் கொடுக்குமுன் மன்ற அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அளவு, இடம், எழுத்து மூன்றையும் கேட்டறியுங்கள். மலாய்ச் சொற்களின் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். உரிமச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விதி தெரியாமல் மாட்டிய பலகையை இறக்கி, இரண்டாம் முறை செலவு செய்வது பாடுபட்ட பணத்துக்கு நட்டம்.

விதியை அறிந்து எழுதினால், தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெயர் ஜொகூர் வீதியில் தமிழிலும் நிலைத்து நிற்கும்.