பெயர் சொல்லாத டிரம்ஸ்

சாந்தன்பாறை ஏலத்தோட்டப் பக்கம் எங்களுக்குப் பாட்டு வந்ததெல்லாம் வானொலி வழியாகத்தான். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். டிரம்ஸ் அடித்தவர் யாரென்று ஒருநாளும் சொன்னதில்லை. கால்ஷீட் கணக்கில் கூலி, வாசித்தோமா கிளம்பினோமா என்கிற பிழைப்பு அது.

சிவமணி அந்தப் பிழைப்புக்குள்ளேயே வளர்ந்தவர். 1959-ல் சென்னையில் பிறந்தார். அப்பா எஸ்.எம்.ஆனந்தனும் தாளக் கலைஞர்தான். பையன் ஏழு வயதிலேயே குச்சியைக் கையில் எடுத்துவிட்டார்.

சென்னையில் ராக் பேண்டா என்று சிரிக்காதீர்கள். 'ரோஜா' (1992) வருவதற்கு முன்னால் ஏ.ஆர்.ரஹ்மான் கீபோர்டு வாசித்த 'ரூட்ஸ்' குழுவில் டிரம்ஸ் இவர்தான். ஜான் அந்தோனியும் சுரேஷ் பீட்டர்ஸும் கூட இருந்தார்கள். பகலில் சினிமா ரெக்கார்டிங்கில் அடுத்தவர் சொன்ன தாளத்தை வாசித்தவர்களுக்கு, மனசுக்குப் பிடித்ததை வாசிக்க ஒரு இடம் வேண்டாமா?

1990-ல் மும்பை ரங் பவனில், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த பில்லி கோப்ஹாமுடன் ஒரே மேடை ஏறினார். சிவமணியின் ஆதர்சமே அவர்தான். ஆனால் சிவமணி அவரைக் காப்பியடிக்கவில்லை. சூட்கேஸ், வாளித் தண்ணீர், கைக்குக் கிடைத்த எதையும் தட்டினார். என்னைக் கேட்டால், விலையுயர்ந்த டிரம் செட்டைவிட அந்த சூட்கேஸில்தான் அவர் முழுசாகத் தெரிகிறார்.

2008 ஐ.பி.எல்.லில் சென்னை அணிக்காக மைதானத்தில் வாசித்தபோது, ஒரு தாளக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கூட்டம். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டியலில் 'ஆனந்தன் சிவமணி' என்று அப்பா பெயரும் சேர்ந்தே இருந்தது.