280 குதிரைத்திறனும் கழற்றி வைத்த டர்போவும்

1989-ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்32) காரின் விவரத்தாளில் 280 குதிரைத்திறன் என்று இருக்கும். அதற்கு மேல் போவதில்லை என்பது ஜப்பானிய கார் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்திருந்த எழுதாத உடன்பாடு. 2004-ல் ஹோண்டா லெஜண்ட் 300-ஐத் தொட்டபோதுதான் அது முடிந்தது.

ஆனா அந்த எஞ்சின் 280-க்காகச் செய்ததே இல்லை. குரூப் ஏ பந்தயத்தில் டர்போ எஞ்சின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்குவாங்க. 2,568 சிசி அப்போ 4,366 ஆகும். 4,500 சிசி வகுப்புக்குள் கச்சிதமா அடங்கிடும். 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் தொடரின் 29 பந்தயங்களையும் ஆர்32-தான் ஜெயிச்சது.

வாங்கினவங்களுக்கும் இது தெரியும். டர்போ அழுத்தத்தைக் கூட்டினா பவர் எகிறும். கூடவே, கம்பெனி டர்போவின் செராமிக் சக்கரம் உடையவும் வாய்ப்பு உண்டு. அதனால் உலோகச் சக்கரம் உள்ள டர்போ, பெரிய இன்டர்கூலர், மாற்றிய இசியு என்று ஒவ்வொன்றாக ஏறியது. கழற்றின பாகங்களைப் பலர் பத்திரப்படுத்தவில்லை.

விற்கிற கணக்கை மாற்றியது அமெரிக்கா. 1988-ம் வருஷச் சட்டப்படி, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு ஒத்துவராத கார் 25 வயதானால் தடையில்லாமல் உள்ளே வரலாம். ஆர்32-க்கு 2014-ல் வழி திறந்தது, ஆர்34-க்கு 2024-ல். புகை விதியில் தனியாக 21 வருஷ விலக்கு உண்டு. அதுவும் கார் மாற்றப்படாமல் இருந்தால்தான். சேகரிப்பாளர்கள் தேடுவதும் கைபடாத காரைத்தான். ஒரு காலத்தில் பெருமையா சொன்ன மாற்றங்கள் இப்போ விலையைக் குறைக்கின்றன. விற்பவர்கள் பழைய பாகங்களைத் தேடிப்பிடித்துத் திரும்பப் பொருத்துகிறார்கள்.

இதில் ஒரு இழப்பு இருக்கு. அந்த 280 கம்பெனிகளின் சபை மரியாதை. 90-களில் ரோட்டில் அந்தக் கார் உண்மையில் எப்படி ஓடியது என்பதற்கு மாற்றிய காரே சாட்சி. 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய டொயோட்டா சூப்ரா, 2021-ல் 5,50,000 டாலருக்கு ஏலம் போச்சு. அதன் மாற்றங்களைக் கழற்றினா அந்த விலைக்கு அர்த்தமே இல்லை.

எல்லா காருக்கும் சினிமாப் புகழ் கிடைக்காது. ஆனா யார், எந்த வருஷம், எதை மாற்றினாங்க என்ற பில்லும், கழற்றிய டர்போ உள்ள அட்டைப்பெட்டியும் காரோடு சேர்ந்து கைமாறினா போதும். வாங்குகிறவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், வரலாறும் அழியாது.